தோடா மொழி

நீலகிரி உச்சியில் மந்து எனப்படும் சிற்றூர்களில் வாழும் தோடர்களின் தென்திராவிட மொழி. இதற்கு மிக நெருங்கிய உறவு, அதே மலையின் கோத்தர் மொழி. பேசுவோர் ஆயிரத்துச் சொச்சம் பேரே என்பதால், யுனெஸ்கோ இதைக் கடுமையான அழிவாபத்தில் உள்ள மொழிகளுள் சேர்த்துள்ளது.

ஒலியமைப்பில் திராவிடக் குடும்பத்திலேயே விசித்திரமானது இது. உயிரொலிகள் பதினாறு, உரசொலிகளும் மிகுதி. ரகர, றகர வேறுபாட்டையே தமிழர் பலர் பேச்சில் நழுவவிட்டிருக்க, தோடாவோ நா அதிரும் ஒலிகளை மூன்று இடங்களில் பிரித்து ஒலிக்கிறது.

தனி எழுத்து இல்லை. எருமை, பால்மனை, ஈமச்சடங்கு பற்றிய வாய்மொழிப் பாடல்களே இலக்கியம். அவற்றில் தொடர்கள் இணையிணையாக வரும். மொழியியலாளர் மறே எமனோ 1930களில் திரட்டிய பாடல்கள் 1971இல் நூலாயின. இன்று பள்ளியும் சந்தையும் தமிழில் நடக்கின்றன. எருமை மந்தைகள் குறைய, அவற்றைச் சார்ந்த சொற்களும் வழக்கொழிகின்றன.