நாலு வழியா, எட்டு வழியா? - ஒரு ஜாய்ஸ்டிக் புராணம்

தலைப்பைப் பார்த்துட்டு சேலம் எட்டு வழிச்சாலை பத்தின பதிவுன்னு ஓடி வந்த மக்கள் மன்னிக்க. இது நம்ம வீட்டு ஹால்ல நிக்கிற ஒரு மரப்பெட்டியைப் பத்தின பதிவு.

ஆறு மாசமா வார இறுதியெல்லாம் தொலைச்சு, நானும் என் ரூம்மேட்டும் சேர்ந்து ஒரு ஆர்கேட் கேபினட் செஞ்சோம். பழைய மானிட்டர், பழைய கம்ப்யூட்டர், 18 மில்லிமீட்டர் பிளைவுட், கார்பெண்டர் அண்ணனோட பொறுமை, இதுதான் மூலப்பொருள். பெட்டியில் காசு நிறைய போனது ஜாய்ஸ்டிக்குக்குத்தான். "இருக்கறதுலயே நல்லதா வாங்கிடுவோம் மாப்ள"ன்னு நண்பன் சொல்ல, எல்லாரும் புகழ்ற ஜப்பான் பாணி எட்டு வழி ஸ்டிக் ஒண்ணு வரவழைச்சோம். வெண்ணெய் மாதிரி வழுக்கும்.

திறப்பு விழாவுக்கு சின்ன மாமாவைக் கூப்பிட்டேன். மாமா ஒரு காலத்து பேக்-மேன் புலி. எண்பதுகளின் கடைசியில், ஊர்ல இருந்த வீடியோ கேம் கடையில் ஒத்தை ரூபாய் காசைப் போட்டுட்டு, கடைக்காரர் "தம்பி, அடுத்தவங்களுக்கும் விடுப்பா"ன்னு கெஞ்சற வரைக்கும் ஆடுவாராம். இந்தக் கதையைக் கேட்டுத்தான் எனக்கு இந்தப் பெட்டி ஆசையே வந்தது.

மாமா ஆடினார். முதல் உயிர் அரை நிமிஷத்தில் போச்சு. ரெண்டாவதும் அப்படியே. மேல திரும்பணும்னு தள்ளுவார், பேக்-மேன் நேரா போய் பேய் வாயில் விழும். மூணாவதும் போனதும் கையைப் பார்த்துக்கிட்டே, "வயசாயிடுச்சுடா, கை முன்ன மாதிரி பேச மாட்டேங்குது"ன்னுட்டு எழுந்து போய் டிவி முன்னாடி உக்காந்துட்டார். சந்தோஷப்படுவார்னு கூப்பிட்டது. பாதி சோத்துல எழுப்பிவிட்ட மாதிரி ஆயிடுச்சு எனக்கு.

அன்னைக்கு ராத்திரி நானே ஆடிப் பார்த்தேன். அதே கதைதான். எனக்கு வயசு இருபத்தெட்டு! அப்போ தப்பு கையில இல்ல. அதைத் தோண்டப் போய்த்தான் இந்தப் புராணம். சரி, கொசுவத்தியை சுத்திடலாம்.

1962. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பிடிபி-1 கம்ப்யூட்டரில் 'ஸ்பேஸ்வார்' ஆட்டத்தை எழுதிட்டாங்க. ஆடறதுக்கு இருந்தது கம்ப்யூட்டர் முகப்பில் இருந்த சின்னச் சின்ன சுவிட்சுகள்தான். கொஞ்ச நேரத்தில் முழங்கை வலி. போதாக்குறைக்கு திரை ஒரு பக்கமா இருந்ததால ஒரு ஆளுக்கு மட்டும் வசதி. அலன் கோட்டக், பாப் சாண்டர்ஸ்னு ரெண்டு பேர், அங்கே இருந்த மாணவர்களோட ரயில் மாடல் கிளப் அறையில் கிடந்த மரத்துண்டு, வயர், சுவிட்ச் எல்லாத்தையும் பொறுக்கி ஆளுக்கொரு கட்டுப்பாட்டுப் பெட்டி செஞ்சாங்க. கவனிங்க மக்களே, வீடியோ கேம் பிறந்த கொஞ்ச நாளிலேயே கையால் செஞ்ச கன்ட்ரோலரும் பிறந்தாச்சு. நானும் நண்பனும் பெருசா ஒண்ணும் புதுசா பண்ணிடலை.

அதே ஆட்டத்தைப் பார்த்து நோலன் புஷ்னலும் டெட் டாப்னியும் 1971ல் 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' கொண்டு வந்தாங்க. காசு போட்டு ஆடற பெட்டி. திரும்ப, உந்த, சுட எல்லாத்துக்கும் பட்டன். புதுசா வந்தவங்களுக்கு அது கொஞ்சம் குழப்பம். அடுத்த வருஷம் வந்த 'பாங்' ஆட்டத்தில் ஆளுக்கொரு திருகு, அவ்வளவுதான். ரேடியோ வால்யூம் திருகத் தெரிஞ்சா போதும். அது பிச்சுக்கிட்டுப் போச்சு. 1979ல் அடாரியோட 'ஆஸ்டராய்ட்ஸ்' வந்தப்பவும் ஸ்டிக் கிடையாது, அஞ்சு பட்டன்தான்.

இங்கேதான் எனக்கு முதல் பொறி தட்டுச்சு. நாம கம்ப்யூட்டரில் எல்லாத்துக்கும் ஒரே கீபோர்டை வெச்சுப் பழகினவங்க. அந்தக் காலத்துப் பெட்டி அப்படி இல்ல. ஒரு ஆட்டம், ஒரு பெட்டி, அந்த ஆட்டத்துக்கேத்த கைப்பிடி. மூணும் சேர்த்துத்தான் ஒரு டிசைன்.

1980ல் நாம்கோவின் தோரு இவதானி 'பேக்-மேன்' செஞ்சார். சுடற ஆட்டமா நிரம்பியிருந்த கடைகளுக்கு பெண்களும் வரணும், யார் வேணாலும் ஆடணும்ங்கறது அவர் எண்ணம். அதனால் சுடற பட்டனே இல்லை. நடுவில் ஒரே ஒரு ஸ்டிக். அதுவும் நாலு வழி ஸ்டிக். மேல, கீழ, இடது, வலது. குறுக்கே தள்ளினா போகாது. புதிர்ப்பாதையில் குறுக்கு வழியே கிடையாதே, எதுக்கு?

இந்த ஆட்டத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. திருப்பம் வரதுக்கு கொஞ்சம் முன்னாடியே ஸ்டிக்கைத் தள்ளிட்டா, பேக்-மேன் மூலையை உரசிக்கிட்டு குறுக்கால வெட்டித் திரும்பும். பேய்களுக்கு அந்த வித்தை தெரியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் இப்படி ரெண்டு மூணு புள்ளி மிச்சம் பிடிச்சுத்தான் புலிகள் தப்பிப்பாங்க. மாமாவோட கை பழகினது இதைத்தான்.

இப்போ எட்டு வழி ஸ்டிக்குக்குள்ள என்ன இருக்குன்னு பார்ப்போம். அதுலயும் சுவிட்ச் நாலுதான். குறுக்கே தள்ளினா பக்கத்துப் பக்கத்து சுவிட்ச் ரெண்டும் ஒண்ணா விழும். அதைத்தான் குறுக்குத் திசைன்னு எடுத்துக்கறாங்க. நாலு வழி, எட்டு வழி வித்தியாசமெல்லாம் அடியில் இருக்கற தடுப்புத் தகட்டில். அதோட ஓட்டை எந்த வடிவமோ, அந்த வடிவத்துக்குள்ளதான் தண்டு அசையும். சதுர ஓட்டைன்னா நாலு மூலையும் குறுக்குத் திசைகள். வேகமா தள்ளும்போது கை தானா மூலைக்குத்தான் வழுக்கும். மாமா 'மேல'ன்னு தள்ளினது பெட்டிக்குப் போனது 'மேல + வலது'. ரெண்டு உத்தரவு ஒரே நேரத்தில் வந்தா, நாலு திசைக்குன்னு எழுதின ஆட்டம் என்ன பண்ணும் பாவம்? ஏதாவது ஒண்ணை எடுத்துக்கும். அது தப்பானதா இருந்தா ஒரு உயிர் காலி.

அப்போ எட்டு வழி எதுக்கு வந்துச்சுன்னு கேப்பீங்க. அதுக்கும் ஆட்டம்தான் காரணம். 1981ல் வில்லியம்ஸ் கம்பெனியோட 'டிஃபெண்டர்' பெட்டியில் மேல கீழ மட்டும் போற ரெண்டு வழி ஸ்டிக், கூட அஞ்சு பட்டன். அதைச் செஞ்ச யூஜின் ஜார்விஸ் அப்புறம் ஒரு கார் விபத்தில் வலது கையில் அடிபட்டு, கட்டோட வேலைக்கு வந்தார். அந்தக் கையால் பட்டன் தட்டறது கஷ்டம். நகர ஒரு ஸ்டிக், சுட ஒரு ஸ்டிக்னு வெச்சா என்னன்னு யோசிச்சார். அவரும் லாரி டிமாரும் அடாரி 2600 வீட்டு கன்சோலோட ஜாய்ஸ்டிக் ரெண்டைப் பலகையில் மாட்டி முயற்சி பண்ணிப் பார்த்தாங்க. அதுதான் 1982ல் 'ரோபோட்ரான் 2084' ஆச்சு. ரெண்டுமே எட்டு வழி. கை பேசலைன்னு அவர் எழுந்து போகலை. கைக்கேத்த மாதிரி பெட்டியை மாத்தினார். இதைப் படிச்சப்போ மாமா ஞாபகம்தான் வந்தது.

அதே 1982ல் காட்லீப் கம்பெனியோட 'க்யூபர்ட்' ஆட்டத்தில் நாலு வழி ஸ்டிக்கையே 45 டிகிரி திருப்பி மாட்டினாங்க. ஏன்னா அந்த ஆள் குதிக்கறது எல்லாமே குறுக்காலதான்.

1991ல் கேப்காமின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' வந்து கதையை மாத்துச்சு. கீழ, கீழ்க்குறுக்கு, முன்னாலன்னு கால் வட்டம் போட்டு ஒரு குத்து விட்டா தீப்பந்து பறக்கும். நாலு வழி ஸ்டிக்கில் அந்தக் கால் வட்டமே வராது. எட்டு வழியும் ஆறு பட்டனும் சண்டை ஆட்டங்களுக்கு இலக்கணம் ஆச்சு. இன்னைக்கு "நல்ல ஸ்டிக்"னு ஊர் சொல்றது பெரும்பாலும் இந்த சண்டைக்காரங்க சொல்ற நல்லதுதான். நான் ஏமாந்தது அங்கேதான்.

கடைசியா 1997 பிப்ரவரியில் இத்தாலிக்காரர் நிகோலா சல்மோரியா 'மேம்' எமுலேட்டரை வெளியிட்டார். பழைய ஆட்டங்கள் அழியாம இருக்க அது பெரிய புண்ணியம். கூடவே ஒரு சிக்கலும் வந்தது. ஆயிரக்கணக்கான ஆட்டங்கள், என் பெட்டியில் ஸ்டிக் ஒண்ணு. மேம் மூலநிரலைத் திறந்து பார்த்தா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இது நாலு வழி, இது எட்டு வழின்னு குறிச்சே வெச்சிருக்காங்க. நாலு வழி ஆட்டத்தில் ரெண்டு திசை சேர்ந்து வந்தா அது ஒண்ணைத் தேர்ந்தெடுக்கப் பார்க்கும். ஆனா உங்க மனசில் இருந்தது எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?

ஆக, பெட்டி செய்யப் போறவங்களுக்கு அடியேன் சொல்றது:

முதலில் எந்த ஆட்டம்னு முடிவு பண்ணுங்க, அப்புறம் ஸ்டிக். பேக்-மேன், டாங்கி காங் காலம்னா நாலு வழி. சண்டைன்னா எட்டு வழி. ரெண்டும் வேணும்னா தகட்டைத் திருப்பவோ மாத்தவோ முடியற வகையா பாருங்க, இல்லைன்னா நடுவில் தனியா ஒரு நாலு வழி ஸ்டிக் வெச்சுடுங்க.

ஜப்பான் பாணி உருண்டைத் தலை ஸ்டிக், தாழ்வான பெட்டி முன்னாடி உக்காந்து மணிக்கட்டால் ஆடறவங்களுக்கு. மெல்லிய இரும்புப் பலகைக்குன்னு செஞ்சது. நம்ம 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் மாட்ட அடிப்பக்கம் குடையணும் (கார்பெண்டர் அண்ணன் முறைச்சது இதுக்குத்தான்). அமெரிக்கப் பாணி நீளத்தலை ஸ்டிக், நின்னுக்கிட்டு முழங்கையிலிருந்து பலம் கொடுத்து ஆடறவங்களுக்கு. ஸ்பிரிங் கெட்டி, மரப்பலகைக்கு சரியா உக்காரும்.

டிக் டிக் சத்தம் பிடிக்காதவங்க ரெண்டு உலோக இதழ் தொட்டுக்கற பழைய லீஃப் சுவிட்ச் வகையைத் தேடலாம். ஆனா அப்பப்போ இதழை வளைச்சு சரி பண்ணணும். மைக்ரோ சுவிட்சில் அந்தத் தொல்லை இல்லை, போனா கழட்டிப் போட்டு வேற மாட்டிக்கலாம்.

எங்க ஸ்டிக் கதை? கேவலம், பத்து நிமிஷ வேலை. அடியில் இருந்த சதுரத் தகட்டைக் கழட்டி 45 டிகிரி திருப்பி மாட்டினேன். மூலைகள் இப்போ மேல, கீழ, இடது, வலதுக்கு வந்தாச்சு. வைரம் மாதிரி. குறுக்கே வழுக்கறது கிட்டத்தட்ட நின்னே போச்சு.

அடுத்த ஞாயித்துக்கிழமை மாமாவை மறுபடி கூப்பிட்டேன். "எதுக்குடா, என்னை வெச்சு காமெடி பண்றியா?"ன்னார். "மாமா, தப்பு உங்க மேல இல்ல, நான் வாங்கின ஸ்டிக் மேல. ஒரே ஒரு தடவை வாங்க"ன்னேன். மூணு கட்டம் தாண்டினார். நாலாவதில் ஒரு பேய் நெருங்க, மூலையை உரசிக்கிட்டு ஒரு வெட்டு வெட்டினார் பாருங்க, நண்பன் விசிலே அடிச்சுட்டான். அதுக்கப்புறம் மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார்.

டிஸ்கி: மாமா போற வரைக்கும் என்னையும் நண்பனையும் பெட்டி கிட்டயே விடலை. கடைக்காரர் பாவம்னு இப்போதான் புரியுது.