எண்ணெய் வயல்களில் எரிவாயு எரிப்பு

கச்சா எண்ணெயோடு சேர்ந்து கிணற்றிலிருந்து வெளிவரும் எரிவாயுவை, உயரமான குழாயின் முனையில் கொளுத்திவிடும் வழக்கமே எரிவாயு எரிப்பு. தொழிலில் இருப்பவர்கள் இதை ‘ஃபிளேர்’ என்பார்கள். எண்ணெய் நிறுவனங்கள் தம் வேலைமுறையைச் சுற்றுச்சூழலுக்கு ஏற்ப எந்த அளவுக்குத் திருத்திக்கொண்டன என்பதை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. ஆண்டறிக்கையில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். இரவு வானில் எரியும் தீயை மறைக்க முடியாது.

நிலத்தடியில் மிகுந்த அழுத்தத்தில் வாயு எண்ணெயில் கரைந்து கிடக்கிறது. மேலே வரும்போது அழுத்தம் குறைய, கோலி சோடாவைத் திறந்ததுபோல் பொங்கிப் பிரிகிறது. எண்ணெயைத் தொட்டியில் தேக்கிவைத்துக் கப்பலில் ஏற்றலாம். வாயுவுக்கோ குழாய்ப்பாதை வேண்டும், கம்ப்ரசர் வேண்டும், வாங்குவதற்கு ஆள் வேண்டும். இவையெல்லாம் இருந்தால் அது நல்ல எரிபொருள்: காவிரிப் படுகையின் வாயு திருமாக்கோட்டையிலும் குத்தாலத்திலும் மின்சாரமாகிறது. இல்லாத இடத்தில் அது குப்பையாகிவிடுகிறது. எரிக்காமல் அப்படியே வெளியே விட்டால் இன்னும் கேடு. அந்த வாயுவின் பெரும்பகுதியான மீத்தேன் 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 80 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். திடீரென அழுத்தம் ஏறும்போது ஆலையைக் காப்பாற்றவும் ஃபிளேர் தேவைப்படும். அந்த அவசரத் தீயை யாரும் குறைசொல்வதில்லை. குழாய் போடச் செலவாகும் என்பதற்காக நாள்தோறும் எரியும் தீதான் வழக்கின் பொருள்.

அந்த வழக்கு முதலில் சூடுபிடித்த இடங்களில் ஒன்று டெக்சாஸ். அங்கே எண்ணெய்த் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்புக்கு, அதன் பழைய பொறுப்பின் பெயரால், இன்றும் ரயில்வே ஆணையம் என்றுதான் பெயர். 1947-இல் அது சீலிக்சன் வயலுக்கு ஓர் உத்தரவு போட்டது: வாயுவைப் பயன்படுத்த வழி செய்யும்வரை எண்ணெயும் எடுக்கக் கூடாது. நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது. அன்று பருவநிலை பற்றிய பேச்சே இல்லை. நல்ல பண்டம் வீணாகிறது என்ற ஒரே காரணம் போதுமானதாக இருந்தது. அதே டெக்சாஸில் 2010-களில் ஷேல் எண்ணெய் பெருகியபோது, பெர்மியன் படுகையில் தீ மறுபடி மூண்டது. ஆணையம் விதிவிலக்குகளைத் தாராளமாக வழங்கியதும் அதற்கு ஒரு காரணம்.

நார்வே தொடக்கத்திலேயே விழித்துக்கொண்டது. எக்கோஃபிஸ்க் வயலில் உற்பத்தி தொடங்கிய 1971-இலேயே, நாட்டின் எண்ணெய்க் கொள்கையாகப் பத்துக் கட்டளைகள் நாடாளுமன்றத்தில் வகுக்கப்பட்டன. சோதனைக்கான குறுகிய காலம் தவிர, பயன்படுத்தத்தக்க வாயுவை எரிக்க அனுமதி இல்லை என்பது அவற்றில் ஒன்று. வேறு வழியின்றி வாயுவை மறுபடி பூமிக்குள் செலுத்தினார்கள். அது நிலத்தடி அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்க உதவியது. 1977-இல் ஜெர்மனியின் எம்டனுக்குக் கடலடிக் குழாய் போய்ச் சேர்ந்தது.

1991-இல் நார்வே கரியமில வாயுவுக்கு வரி போட்டது. ஸ்லைப்னர் வயலின் வாயுவில் கரியமில வாயு ஏறத்தாழ 9 விழுக்காடு, சந்தையோ 2.5 விழுக்காட்டுக்கு மேல் ஏற்காது. பிரித்தே ஆகவேண்டும். பிரித்ததைக் காற்றில் விட்டால் வரி. அதனால் 1996 முதல் அதைக் கடலடிக்குக் கீழே 800 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் உள்ள உட்சிரா மணற்பாறைக்குள் செலுத்தி வருகிறார்கள்; தொடக்க ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 லட்சம் டன். இந்த வெற்றி தொழில்நுட்பத்துக்கு எவ்வளவு சொந்தமோ, அவ்வளவு அந்த வரிக்கும் சொந்தம்.

நைஜீரியாவின் கதை வேறு. 1956-இல் ஒலோய்பிரியில் எண்ணெய் கிடைத்தது. வாயு எரிப்பை 1984 ஜனவரி 1 முதல் நிறுத்தவேண்டும் என்று 1979-லேயே சட்டம் வந்தது. அமைச்சர் அனுமதித்தால் தொடரலாம் என்ற வாசல் அந்தச் சட்டத்திலேயே இருந்தது. அதன் வழியாகத் தீ பல பத்தாண்டுகள் நீடித்தது. நைஜர் டெல்டாவில் சில ஊர்களில் மண்மேட்டுக்கு நடுவே தரையோடு தரையாகவே எரியும். அதன் ஓரத்தில் பெண்கள் மரவள்ளி மாவைப் பரப்பி உலர்த்துவார்கள். வெயிலில் நாள்கணக்கில் காயவேண்டியது அங்கே சீக்கிரம் காய்ந்துவிடும். சுடும் காற்றையும் புகையையும் தாங்கி அவர்கள் நிற்பது, அந்த வாயுவிலிருந்து ஊருக்குக் கிடைத்த பயன் அது ஒன்றுதான் என்பதால். 2005-இல் அங்குள்ள உயர் நீதிமன்றம், இந்த எரிப்பு உயிர்வாழும் உரிமைக்கும் கண்ணியத்துக்கும் எதிரானது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பிறகும் தீ அணையவில்லை. வாயுவைத் திரவமாக்கிக் கப்பலேற்றும் போனி ஆலை 1999 முதல் இயங்குகிறது; 2018-இல் பெரிய வயல்களுக்கான அபராதம் 1,000 கனஅடிக்கு 2 டாலராக உயர்ந்தது. நிலைமையை ஓரளவு மாற்றியவை இப்படிப்பட்டவைதான்.

2015-இல் உலக வங்கியும் ஐ.நா.வும், அன்றாட எரிப்பை 2030-க்குள் முழுக்க நிறுத்தும் உறுதிமொழியை முன்வைத்தன. அரசுகளும் பெருநிறுவனங்களும் கையெழுத்திட்டன. ஆயினும் 2023-இல் உலகில் எரிந்த வாயு ஏறத்தாழ 14,800 கோடி கனமீட்டர். இப்போது இந்தக் கணக்கு நிறுவனங்களின் வாய்மொழியை மட்டும் நம்பியில்லை. 2011-இல் ஏவப்பட்ட சுவோமி செயற்கைக்கோளின் அகச்சிவப்புக் கருவி இரவில் இந்தத் தீக்களை அடையாளம் காண்கிறது. இது பெரிய மாற்றம். தாங்களே நேரடியாக இயக்கும் வயல்களை மட்டும் கணக்கில் காட்டும் வழக்கம் பல நிறுவனங்களிடம் உண்டு. பங்கு வைத்திருந்தும் பிறர் இயக்கும் வயல்களின் தீ அந்தக் கணக்கில் வருவதில்லை. செயற்கைக்கோள் இந்தப் பாகுபாடு பார்ப்பதில்லை.

எரிப்பு ஏறக்குறைய முழுமையானது என்ற நம்பிக்கையும் பொய்த்தது. ஃபிளேர் 98 விழுக்காடு மீத்தேனை அழிக்கும் என்றே கணக்குப் போட்டுவந்தார்கள். அமெரிக்க வயல்களுக்கு மேல் விமானத்தில் பறந்து அளந்த ஆய்வு 2022-இல் வெளியானது. உண்மையில் அழிவது 91 விழுக்காடுதான். முனைத்தீ அணைந்துபோய், பற்றாமலே வாயுவைக் கக்கிய குழாய்களும் இருந்தன.

2024 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் மீத்தேன் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தன் எல்லைக்குள் அன்றாட எரிப்பைத் தடுப்பதோடு, இறக்குமதியாகும் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மீத்தேன் கணக்கைப் படிப்படியாகக் கேட்கவும் அது வகைசெய்கிறது.