பாசஞ்சர் ரயிலில் சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர்: ஒரே நாளில் என்னென்ன பார்க்கலாம்? எதை ரயிலில் எடுத்து வரக் கூடாது?

சிவகாசி என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது பட்டாசுக் கடைதான். ஆனால் விருதுநகரில் செங்கோட்டை பாசஞ்சர் ஏறினால், சிலப்பதிகாரத்தில் வரும் ஊர், பழைய அரண்மனை, ஆண்டாள் கோயில் என அடுத்தடுத்த ஸ்டேஷன்களில் இறங்கிப் பார்க்கலாம். செலவும் குறைவு. ஆனால் டிக்கெட் விதி தெரியாமல் போனால் அபராதம். பட்டாசோடு திரும்பினால் ஜெயிலே கிடைக்கலாம்.

எந்த ரயில்? எவ்வளவு கட்டணம்?

விருதுநகர் - தென்காசி ரயில் பாதை 1927-ல் திறக்கப்பட்டது. மீட்டர் கேஜாக இருந்த இந்தப் பாதை 2004-ல் அகலப் பாதையானது. மதுரை - செங்கோட்டை பாசஞ்சர் ரயில்கள் இதில் ஓடுகின்றன. விருதுநகரைத் தாண்டினால் திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என ஊர்கள் வரும்.

கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் ரயில்களில் குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாயாக உயர்ந்தது. 2024 பிப்ரவரியில் அது மீண்டும் 10 ரூபாயானது. முன்பதிவு தேவையில்லை. கவுன்டரிலோ மொபைல் ஆப்பிலோ டிக்கெட் எடுத்தால் போதும்.

இறங்கி ஏறலாமா?

முடியாது. பயணத்தை நடுவில் நிறுத்தித் தொடரும் வசதி 500 கி.மீ.க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்குத்தான் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டு திருத்தங்கலில் இறங்கினால், அந்த டிக்கெட் அங்கேயே முடிந்துவிடும். ஒவ்வொரு ஊருக்கும் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். பாசஞ்சர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸில் ஏறவும் கூடாது. சரியான டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால், கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் சேர்த்துக் கட்ட வேண்டும்.

எங்கே இறங்கலாம்?

விருதுநகர்: பழைய பெயர் விருதுபட்டி. 1903-ல் இங்கே பிறந்த காமராஜரின் வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. ரயில் ஏறும் முன்பே பார்த்துவிடலாம்.

திருத்தங்கல்: சங்கப் புலவர் தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனாரின் ஊர். தவறாகச் சிறையில் அடைக்கப்பட்ட வார்த்திகன் என்பவருக்கு, பாண்டிய மன்னன் பரிகாரமாகக் கொடுத்த ஊர்களில் ஒன்று இது என்கிறது சிலப்பதிகாரம். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான நின்ற நாராயணப் பெருமாள் கோயில் இங்குள்ள குன்றின் மேல் இருக்கிறது.

சிவகாசி: காசியில் இருந்து பாண்டிய மன்னன் கொண்டுவந்த லிங்கம் இங்கே தங்கிவிட்டதால் இந்தப் பெயர் வந்தது என்பது தலபுராணக் கதை. பட்டாசு ஆலைகள் வேடிக்கை பார்க்கும் இடங்கள் கிடையாது, அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

வெம்பக்கோட்டை: இங்கே ரயில் இல்லை. சிவகாசியில் இருந்து பஸ்ஸில் போக வேண்டும். வைப்பாற்றின் கரையில் உள்ள மேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022-ல் அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொம்மை, தங்க அணிகலன் எல்லாம் கிடைத்தன. பெரிய கோட்டை, சுவர் என எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். தோண்டிய குழிகளைப் பிறகு மூடிவிடுவது வழக்கம். தரையில் கிடக்கும் பானை ஓட்டை எடுத்துப் பையில் போடக் கூடாது. எந்த இடத்தில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால் ஆய்வாளருக்கு அந்த ஓட்டால் பெரிய பயன் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்: பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த ஊர். 11 நிலை ராஜகோபுரம் சுமார் 192 அடி உயரம். தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று பரவலாகச் சொல்வார்கள். திருமலை நாயக்கர் அரண்மனை ஒன்றும் ஊருக்குள் இருக்கிறது. கோயில்களில் பொதுவாக மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே கிளம்புவது நல்லது.

பட்டாசு வாங்கி ரயிலில் கொண்டுவரலாமா?

கூடவே கூடாது. ஒரு பாக்கெட் கம்பி மத்தாப்பாக இருந்தாலும் தடைதான். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 164-ன்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். அதனால் ஏற்படும் சேதத்துக்கும் கொண்டுவந்தவரே பொறுப்பு.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ஸ்டேஷன் அருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவரப்பட்ட கேஸ் சிலிண்டர்தான் அதற்குக் காரணம் என ரயில்வே தெரிவித்தது.

சிவகாசியில் பட்டாசு வாங்கியே ஆக வேண்டும் என்றால், அதை ரயில் பயணத்தோடு சேர்க்காதீர்கள். ரயிலில் கொண்டுவர ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அதற்கு எந்தத் தடையும் இல்லை.

கிளம்பும் முன்பு

இந்தப் பாதையில் ஒரு பாசஞ்சரை விட்டால் அடுத்தது வர பல மணி நேரம் ஆகலாம். ஏறும் முன்பே திரும்பி வரும் ரயிலின் நேரத்தை ஸ்டேஷனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரயிலை விட்டுவிட்டால் இந்த ஊர்களில் இருந்து விருதுநகருக்கும் மதுரைக்கும் பஸ் உண்டு.