800 மைல் தடையும் ஒரு விடுபட்ட சொல்லும்

ஓக்ஸ் நிறுவனம் எதிர் ஜாக்சன் என்ற வழக்கு 1876இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. பணியிலிருந்து விலகிய ஊழியர், சென்னையிலிருந்து 800 மைல் தொலைவுக்குள் அத்தொழிலைச் செய்யலாகாது என்பது ஒப்பந்தக் கூறு. வரைபடத்தில் அவ்வட்டத்தை இட்டுப் பார்த்தால் மைசூரும் கொழும்பும் மட்டுமன்றிப் பம்பாயும் உள்ளே அடங்கிவிடும். கல்கத்தா சற்றே வெளியே நிற்கும். அக்கூறு செல்லாது எனத் தீர்ப்பானது.

அத்தீர்ப்புக்கு அடிப்படை, 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. சட்டபூர்வமான தொழிலோ வணிகமோ செய்வதினின்று ஒருவரைத் தடுக்கும் உடன்படிக்கை, அத்தடையின் அளவுக்குச் செல்லாது என்கிறது அது. நற்பெயரோடு வணிகத்தை விற்பவருக்கு மட்டும் விலக்குண்டு. நியூயார்க் மாநிலத்துக்காக டேவிட் டட்லி ஃபீல்டு வரைந்த உரிமையியல் தொகுப்பிலிருந்து இவ்வாசகம் எடுக்கப்பட்டது. நியூயார்க் அத்தொகுப்பை ஏற்கவேயில்லை. கலிபோர்னியா அதை ஏற்றது; இந்தியா இவ்வாசகத்தை எடுத்துக்கொண்டது.

1874இல் கல்கத்தாவில் எழுந்த மாதப் சந்தர் வழக்கு மொழியியல் மாணவர்க்குச் சுவையானது. ஒரே பகுதியில் ஒரே தொழில் செய்த இருவருள் ஒருவர், பணம் தருவதாகச் சொல்லி மற்றவரைக் கடையை மூடச் செய்தார். பின்பு பணம் தரவில்லை. தடை ஒரு வட்டாரத்துக்கு மட்டுமே உரியது, ஆகவே அது தடையன்று என வாதிடப்பட்டது. தலைமை நீதிபதி ரிச்சர்டு கௌச் அடுத்த பிரிவைச் சுட்டினார்: 28ஆம் பிரிவில் ‘முற்றிலும்’ என்ற பொருளுடைய சொல் உண்டு, 27இல் இல்லை. எனவே பகுதித் தடையும் செல்லாது. ஒரு சொல்லின் இன்மை சட்டத்தின் எல்லையை வகுத்துவிட்டது. கடையை மூடியவருக்கோ பணம் கிட்டவில்லை.

ஃபிரான்சைஸ் ஒப்பந்தங்களுக்கு இக்கேள்வி 1995இல் குஜராத் பாட்லிங் எதிர் கோக-கோலா வழக்கில் வந்தது. 1993இல் பார்லேயின் தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் ஆகிய பெயர்களைக் கோக-கோலா வாங்கியது. அவற்றைப் புட்டியிலடைத்து வந்த குஜராத் நிறுவனத்தின் பங்குகள் பின்னர் பெப்சி தரப்புக்குக் கைமாறின. ஒப்பந்தத்தை முடிக்க ஓராண்டு முன்னறிவிப்பு வேண்டும்; அவ்வோராண்டிலும் வேறு பானம் தயாரிக்கலாகாது என்றது கோக-கோலா. உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது: ஒப்பந்தம் நடைமுறையிலிருக்கும் காலத்துக்கு மட்டும் உரிய இத்தகைய தடை வணிகத்தை வளர்ப்பதேயன்றி ஒடுக்குவதன்று.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலத்தைக் குறிக்கும் சொல் எதுவும் 27ஆம் பிரிவில் இல்லை. 1874இல் இல்லாத சொல்லை நுழைக்க மறுத்த நீதிமன்ற மரபு, 1967இன் கோலிகரி வழக்கு உள்ளிட்டவற்றில் ‘ஒப்பந்தக் காலத்தில்’, ‘அதன் பின்’ என்ற வேறுபாட்டைத் தானே வாசித்துக்கொண்டது. வணிக நடைமுறைக்கு அது பொருந்தலாம். வாசகத்தின் நேர்ப்பொருளென்று கொள்ளுதல் அரிது.

ஒப்பந்தத்துக்குப் பிந்தைய தடை செல்லாது என்பதை ஜாகிர் கான் தொடர்பான 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பும் உறுதிசெய்தது. ஆயினும் ‘முடிவுற்றபின் இரண்டாண்டுகள்’ போன்ற வரிகள் ஃபிரான்சைஸ் ஆவணங்களில் இன்றும் எழுதப்படுகின்றன. வணிகப் பெயரையும் மறைபொருளையும் காக்கும் கூறுகள் வேறு, அவை செல்லும். மைசூரில் பயிற்சி மையமோ காபிக் கடையோ நடத்திவிட்டு விலகுபவர் இவ்விரண்டையும் பிரித்தறியாமல், செல்லாத தடைக்கும் அஞ்சிக் கடையை மூடிவிடக்கூடும். வழக்குக்கு வராத அம்மூடல்கள் எந்தத் தீர்ப்புத் தொகுப்பிலும் இடம்பெறுவதில்லை.