கோழி வந்தது தானியத்துக்காக

போன வாரம் கோயமுத்தூர்ல இருந்து வந்த தம்பி ஒருத்தர் எங்க தோட்டத்துக் கோழிகளைப் பார்த்துட்டு, "அண்ணா, இதுகளுக்கு மாசம் எவ்வளவுக்குத் தீவனம் வாங்கறீங்க?"ன்னு கேட்டார். எங்க அப்பத்தா இருந்திருந்தா சிரிச்சிருக்கும். கோழிக்குக் காசு குடுத்துத் தீனி வாங்கறதே அதுக்குத் தெரியாத சங்கதி.

கோழி மனுசன்கிட்ட வந்ததே தானியத்தைத் தேடித்தான். தாய்லாந்துல பான் நோன் வாட்ங்கிற இடத்துல கிடைச்ச எலும்புகளை வச்சு 2022-ல ஆராய்ச்சியாளர்கள் சொன்னாங்க: சுமார் 3,500 வருசத்துக்கு முன்னாடி, நெல்லும் தினையும் விளைஞ்ச பக்கம் மேய வந்த காட்டுக்கோழிதான் மெல்ல வீட்டுக்கோழி ஆச்சாம். நம்ம பட்டினப்பாலையிலயும், காயப்போட்டதைக் கொத்த வந்த கோழி மேல பொம்பளைங்க காதுக் குழையைக் கழட்டி வீசினதா வருது. எல்லாரும் அந்தக் குழையைத்தான் பெருசாப் பேசுவாங்க. எனக்கு அந்த முற்றம்தான் கண்ணுல நிக்குது. எங்க வீட்டு வாசலும் அப்படித்தான் இருந்துச்சு.

1970-கள்ல எங்க களத்துல கம்பும் சோளமும் அடிப்போம். சிந்தினது கோழிக்கு. புடைச்ச குருணையும் தவிடும் கோழிக்கு. குப்பைமேட்டைக் கிளறினா புழு. குஞ்சுகளுக்கு அப்பத்தா கரையான் பிடிக்கும். பழைய பானையில காஞ்ச சாணி, கிழிஞ்ச சாக்கு, வைக்கோல் திணிச்சு, தண்ணி தெளிச்சு, சாயங்காலம் புற்றுக்கிட்ட கவுத்து வச்சா விடியறப்போ பானை நிறையக் கரையான். முட்டை வித்த சிறுவாட்டுக் காசுலதான் எனக்கு நோட்டுப் புத்தகம் வந்துச்சு.

அப்புறம் நாமக்கல் பக்கம் கூண்டுக்கோழிப் பண்ணைகள் பெருகுச்சு. நாட்டுக்கோழி வருசத்துக்கு 60, 80 முட்டை விட்டா, வெள்ளை லெகார்ன் வகை 300 வரைக்கும் விடும். அதைக் குறை சொல்ல மாட்டேன். 1989-ல சத்துணவுல முட்டை போட்டாங்க. எத்தனையோ பிள்ளைங்க சாப்பிட்டுச்சு.

பண்ணைக்கோழி வந்ததால நாட்டுக்கோழி போச்சுன்னு சொல்றாங்க. எங்க ஊர்ல நான் பார்த்தது வேற. போர்வெல் வந்துச்சு, கம்பும் சோளமும் போய் மரவள்ளியும் கரும்பும் வந்துச்சு. களத்துல புல் மொளைச்சுது. ஒரு கோடையில வெள்ளைக்கழிச்சல் வந்து எங்க கோழி மொத்தமும் செத்துச்சு. மறுபடி வளர்க்கலாம்னா தீவன மூட்டை விலை கட்டலை. பத்து வருசம் எங்க வாசல்ல கோழியே இல்லை.

இப்ப 40 சென்டுல கம்பும் சோளமும் போடறேன். 25 கோழி இருக்கு. காலையில முருங்கைக்கீரை, அசோலா. சாயங்காலம் உடைச்ச தானியத்தோட தவிடு, புண்ணாக்கு. மத்ததை அதுங்களே மேஞ்சுக்கும். பூசணம் பிடிச்ச தானியத்தை மட்டும் போடவே மாட்டேன். அப்பத்தா செய்யாத ஒண்ணும் செய்யறேன்: குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் ஊசி. பழசெல்லாம் நல்லதுன்னு உட்கார்ந்திருந்தா மறுபடி குழிதான் தோண்டணும்.

அந்தத் தம்பிக்கு ஒழுங்கா பதில் சொல்லணும்னா, கடலைப் புண்ணாக்கு மட்டும் இன்னும் கடையிலதான் வாங்கறேன். வர்ற ஆடியில கொஞ்சம் கடலை விதைக்கலாம்னு இருக்கேன்.