ராணுவ முகாமிலிருந்து வந்த கிம்ச்சிக் குழம்பு

போன வாரம் வகுப்புத் தோழன் ஒருவன் கிம்ச்சி பாட்டில் ஒன்றைக் கொடுத்து, "நீதான் சமைப்பியே, ஏதாவது பண்ணு" என்றான். கொரிய சீரியல் பார்த்துக் கெட்டுப்போன கூட்டம் நாங்கள். என்ன செய்யலாம் என்று தேடியபோது கண்ணில் பட்டதுதான் 'புடே ஜிகே'. ஜிகே என்றால் குழம்பு, புடே என்றால் ராணுவப் பிரிவு. குழம்புக்கு ஏன் இப்படி ஒரு பெயர் என்று படிக்கப் போய், சமையல் குறிப்பை மறந்துவிட்டேன்!

1950 ஜூன் 25-ல் தொடங்கிய கொரியப் போர் 1953 ஜூலை 27-ல் நின்றது. நாடே தரைமட்டம். போர் நின்றாலும் அமெரிக்கப் படை போகவில்லை. சியோலுக்கு வடக்கே உள்ள உய்ஜாங்பு ஊரைச் சுற்றி முகாம்கள். உள்ளே டின் டின்னாகப் பன்றி இறைச்சி, சாஸேஜ், பீன்ஸ். வெளியே பசி.

முகாம் சமையலறையில் மிஞ்சியதை வாங்கி, மொத்தமாகக் கொதிக்கவைத்து விற்றார்கள். அதன் பெயர் 'குல்குரி ஜுக்', அதாவது பன்றிக் கஞ்சி. அதில் சிகரெட் துண்டும் பல் குத்தும் குச்சியும் கிடந்ததாக அந்தக் காலத்து ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் வரிசையில் நின்றார்கள். சியோலின் நாம்டேமுன் சந்தையில் அந்த வரிசையைப் பார்த்த ஜியோன் ஜுங்-யுன் என்பவர்தான், ஜப்பானிலிருந்து தொழில்நுட்பம் வாங்கி 1963-ல் சம்யாங் ராம்யுன் நூடுல்ஸைக் கொண்டுவந்தார். பாக்கெட் 10 வோன்.

எச்சில் அல்லாத நல்ல டின்களும் முகாமிலிருந்து கள்ளத்தனமாக வெளியே வந்தன. காமர்ஸ் மாணவனாக எனக்குச் சுவாரசியமான இடம் இது. ராணுவத்துக்கு வரியில்லாமல் வந்த சரக்கு அது. வெளியில் விற்றால் குற்றம். 1961-ல் குறிப்பிட்ட அயல்நாட்டுப் பொருட்களின் விற்பனையைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. சிக்கினால் பறிமுதல், அபராதம். அப்படியும் 1960-ல் உய்ஜாங்புவில் தொடங்கிய 'ஓடெங் சிக்டாங்' போன்ற கடைகளில் இந்தக் குழம்பு கொதித்துக்கொண்டுதான் இருந்தது. சியோலில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு, பெயர் 'ஜான்சன் டாங்'. 1966-ல் கொரியா வந்த அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் பெயர்தான்!

இன்று சிலர் இதை 'கிழக்கும் மேற்கும் கலந்த ஃப்யூஷன்' என்று அழகாகச் சொல்லும்போது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. யாரும் ரசித்துக் கலக்கவில்லை. கிடைத்தது அதுதான். அந்தப் பானையில் அவர்களுடையது என்று சொல்ல இருந்தவை கிம்ச்சியும் மிளகாயும்தான். (மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதானே என்று சண்டைக்கு வராதீர்கள், நம் சாம்பாருக்கும் அதே கதிதான்.) ஆனால் அந்தக் கிம்ச்சி இல்லாவிட்டால் இந்தக் குழம்பே இல்லை. டின் இறைச்சியில் கொழுப்பும் உப்பும் மட்டும்தான். நாள்பட்டுப் புளித்த கிம்ச்சியின் புளிப்புதான் அந்தக் கொழுப்பை வெட்டி, வாயில் வைக்கும்படி ஆக்குகிறது. புதுக் கிம்ச்சி போட்டால் சப்பென்று இருக்கும்.

1987 முதல் ஸ்பாம் டின் கொரியாவிலேயே உரிமம் பெற்றுத் தயாராகிறது. எந்த டின்னுக்காக அபராதம் கட்டினார்களோ, அதே டின் இன்று சூசோக் பண்டிகைக்குப் பரிசுப் பெட்டியில் போகிறது.

சரி, செய்முறை. அகலமான பாத்திரத்தில் புளித்த கிம்ச்சி, துண்டு போட்ட சாஸேஜ், டின் இறைச்சி, வெங்காயத்தாள், தக்காளி சாஸில் ஊறிய பீன்ஸ் எல்லாவற்றையும் தனித்தனியாக அடுக்குங்கள். நடுவில் மிளகாய் விழுது. நெத்திலிக் கருவாடு கொதித்த தண்ணீரை ஊற்றி அடுப்பில் வையுங்கள். இறைச்சியை முதலில் சுடுதண்ணீரில் அலசிவிடுங்கள், நான் அலசாமல் போட்டு உப்பில் மாட்டிக்கொண்டேன். நூடுல்ஸ் கடைசியில்தான், இல்லையென்றால் ஊறி கூழாகிவிடும்.

அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ரசம் வைக்கட்டுமாடா?" என்றார்.