எள்ளும் கடலையும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டும்

தலைநகரில் வாழும் தமிழர் இல்லங்களுள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டை அறியாத இல்லம் ஒன்றேனும் உண்டோ? முருங்கைக்காய் வேண்டின் அங்கே. தலைவாழையிலை வேண்டின் அங்கே. ஈரம் உலராத கறிவேப்பிலையும், புலால் உண்போர்க்கு வஞ்சிரமும் இறாலும் அங்கேதான். பொங்கலுக்கு முதல் நாள் மாலை அங்குச் சென்றால், நம் காலனி மாந்தரில் பாதிப் பேரைக் கண்டு அளவளாவி வரலாம். சங்கத்தின் பொதுக்குழுவிற்குக் கூட அத்துணைப் பேர் வருவதில்லை!

ஐ.என்.ஏ. என்னும் மூன்றெழுத்து இந்திய தேசிய இராணுவத்தைக் குறிப்பது என்பதை நம் இளைஞர் பலர் அறியார். அங்குள்ள கடைகளின் முகவரியில் மோகன் சிங் மார்க்கெட் என்று காணப்படும். மோகன் சிங் என்பார் 1942இல் அவ்விராணுவத்தை முதன்முதல் திரட்டிய தளபதி. 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி அதன் தலைமையை ஏற்றபோது, மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர் பெருந்திரளாய் அதிற் சேர்ந்தனர். மகளிர் படையை நடத்திய காப்டன் இலட்சுமியும் சென்னையில் பிறந்தவரே. ஆகவே அந்தப் பெயரும் நமக்கு அயலன்று.

நாம் மட்டுமோ அங்கு ஊர்ச்சுவை தேடிச் செல்கின்றோம்? அருகிலுள்ள சாணக்கியபுரியில் 1950ஆம் ஆண்டுகளில் தூதரகங்கள் எழத் தொடங்கின. அவற்றில் பணிபுரியும் பன்னாட்டு மக்களும் தத்தம் நாட்டுப் பண்டங்களை நாடி இங்கேயே வருகின்றனர். நம் இட்லி அரிசி மூட்டைக்கு மேல்தட்டில் அவர்களுடைய ஒலிவ எண்ணெயும் தஹினியும் வீற்றிருக்கும். இக்கட்டுரைக்கு வித்திட்டது அத்தகைய தஹினிப் புட்டி ஒன்றே.

சென்ற ஆண்டு என் மகனுக்கு வேலை கிடைத்ததை ஒட்டி, வீட்டில் சிறு விருந்து ஒன்றுக்கு ஏற்பாடு செய்தோம். கல்லூரியிற் பயிலும் என் மகள், தன் பங்காக ஹம்முஸ் செய்வதாகக் கூறி, கொண்டைக்கடலையை முதல் நாளிரவே ஊறவைத்து, மார்க்கெட்டிலிருந்து அப்புட்டியையும் வாங்கி வந்தாள். மூடியைத் திறந்ததும், அடுத்த அறையிலிருந்த என் அன்னையார் எழுந்து வந்தார்.

“என்னடி அம்மா இது, எள்ளு வாசனை?”

“தஹினி, பாட்டி. வெளிநாட்டுப் பண்டம்.”

அன்னையார் விரல் நுனியில் தொட்டு முகர்ந்தார். “வெளிநாடாவது! அரைத்த எள்ளு. நல்ல நாளும் அதுவுமாக எள்ளு விழுதையா இலையில் வைப்பார்கள்?”

அத்துடன் புட்டி மூடப்பட்டது. ஊறிய கடலை சுண்டலாயிற்று. மகள் அன்று விருந்தில் சரியாக உண்ணவில்லை. நான் இருவருக்கும் இடையே ஒன்றும் சொல்ல இயலாதவனாய் இருந்தேன். எனினும் ஓர் ஐயம் என்னை விட்டகலவில்லை: வெளிநாட்டுப் பண்டம் என்றவள் கூற்று மெய்யா, அரைத்த எள்ளு என்றவர் கூற்று மெய்யா?

சொற்களிலிருந்து தொடங்குவோம். அரபு மொழியில் ஹம்முஸ் என்றால் கொண்டைக்கடலை, வேறொன்றுமன்று. தஹினி என்பதன் மூலமாகிய தஹீனா, அரைத்தல் என்னும் பொருளுடைய வேரிற் பிறந்தது. கடலையும் அரைத்த எள்ளும் என்பதே அப்பண்டத்தின் முழுப்பெயர். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் சிரியாவிலும் எகிப்திலும் எழுந்த அரபுச் சமையல் நூல்களில், அவித்து மசித்த கொண்டைக்கடலையோடு வினிகர் என்னும் காடி, எண்ணெய், எள் விழுது, நறுந்தழைகள் ஆகியன கூட்டும் முறைகள் காணப்படுகின்றன. இன்றோ அது யாருடையது என்பதில் நாடுகளுக்குள் பெரும்பூசல். 2010 ஜனவரியில் இஸ்ரேலில் நான்கு டன்னுக்கு மேல் ஹம்முஸ் ஆக்கி உலக சாதனை நாட்டினர். அதே ஆண்டு மே மாதம் லெபனான் 10,452 கிலோ ஆக்கி அதனை முறியடித்தது. அந்த எண் லெபனானின் பரப்பைச் சதுரக் கிலோமீட்டரிற் குறிக்கும் எண்ணாகும்! அன்னையாரும் மகளும் ஒரு புட்டிக்காக முகந்திருப்பிக் கொண்டது இதனை நோக்க எம்மாத்திரம்?

நிற்க. கொண்டைக்கடலையின் காட்டு மூதாதை தென்கிழக்குத் துருக்கியில் வளர்வது. ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகட்கு முன் மனிதன் அதனை அங்கே பயிராக்கினான். கிழக்கு நோக்கிப் பயணப்பட்ட அது, சிந்துவெளி நாகரிகக் காலத்திலேயே இந்நாட்டை எய்திவிட்டது. இன்று உலக விளைச்சலிற் பாதிக்கு மேல் இந்தியாவில்தான். நாம் நவராத்திரிச் சுண்டலுக்குக் கொள்ளும் சிறுகடலை பழைய வரவு; ஹம்முஸுக்கு உகந்த வெண்ணிறப் பெருங்கடலை பின்னாளில் வந்தமையால், காபூல் வழி வந்தது எனக் கருதிக் காபூலி என்றனர். ஆகவே, நம் கொலுவின் சுண்டலே மேற்கிலிருந்து வந்த விருந்தாளி.

எள்ளின் கதை இதற்கு நேர்மாறானது. அதன் காட்டினம் மலையாளக் கரையோரத்தில் இன்றும் தானே முளைக்கிறது. அது பயிராக்கப்பட்டது இவ்விந்திய மண்ணிலேயே என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கொள்கை. ஹரப்பா அகழாய்வில் கருகிய எள் கிடைத்துள்ளது. இங்கிருந்தே அது மெசப்பொட்டேமியாவுக்குச் சென்றது. பண்டைய அக்காத் மொழியில் நல்லெண்ணெயைக் குறித்த எல்லு என்னும் சொல் நம் எள் என்பதன் உறவாகலாம் எனக் கூறும் அறிஞரும் உளர், மறுப்போரும் உளர். எனக்கு நம்ப ஆசைதான்; ஆசை சான்றாகாதே!

ஆயின் அன்னையார் ஏன் தடுத்தார்? எள் நீத்தார் கடனுக்குரியது. எள்ளும் தண்ணீரும் என்றாலே நெஞ்சு திடுக்கிடும் வழக்கம் நம்முடையது. இவ்வளவுக்கும் இட்லி மிளகாய்ப் பொடிக்கு எள் வறுத்துக் கொட்டுபவரும் அதே அன்னையார்தாம். பொடியில் மறைந்தால் குற்றமில்லை, விழுதாகத் தோன்றினால் குற்றம் போலும் என்று முதலில் நகைத்தேன். பின்பு புறநானூற்றின் 246ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. பூதப்பாண்டியன் இறந்தபின் அவன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்புகத் துணிந்து பாடியது அது. தடுத்த சான்றோரை நோக்கி, கைம்மை நோன்பின் உணவு இன்னதென அவ்வம்மை அடுக்கிக் கூறுகின்றார். நெய் தீண்டாத நீர்ச்சோற்றுத் திரள். அதனுடன் வெள்ளை எள்ளை அரைத்த விழுதும் புளியும் கூட்டி வேகவைத்த வேளைக்கீரை. தஹினியின் உடன்பிறப்பு நம் பழம்பாட்டில் இருக்கின்றது. இருக்குமிடந்தான் துயரம் மிக்கது. அன்னையார் அப்பாட்டைக் கற்றவரல்லர். ஆயினும் அவருடைய மறுப்பைக் கேட்டு நகைத்ததற்கு அன்று வருந்தினேன்.

மகளுக்கு இவற்றையெல்லாம் கூறினேன். அவள் வாதாடவில்லை. “புட்டி வேண்டாம் அப்பா, நாமே அரைப்போம்” என்றாள். தில்லியில் குளிர்காலம் வந்தால் கஜக்கும் ரேவடியும் செய்வதற்குத் தோல் நீக்கிய வெள்ளை எள் எங்கும் மலியும். தோலில் கசப்புண்டாதலின் நீக்கியதே உகந்தது. அதனை நிறம் மாறாமல் இளஞ்சூட்டில் வறுத்து, ஆறியபின் எண்ணெய் சிறிது விட்டு மிக்ஸியில் ஓடவிட்டால், முதலில் பொடியாகிப் பின் கூழாகும். பொறுமை வேண்டும். ஒரு குவளைக் கடலையை இரவெல்லாம் ஊறவைத்து, அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவுடன் குக்கரில் குழைய வேகவைத்துத் தோலைக் களைதல் வேண்டும். அரைக் குவளை எள் விழுது, இரண்டு பல் பூண்டு, இரண்டு எலுமிச்சையின் சாறு, உப்பு ஆகியவற்றை முதலில் அடித்துக் கொண்டு, கடலையைச் சேர்த்து, பனிநீர் சிறிது சிறிதாக விட்டு அரைத்தால் வெண்ணெய் போல் வரும். மேலே ஒலிவ எண்ணெய் ஊற்றுவது அவர் வழக்கம். எங்கள் வீட்டில் செக்கு நல்லெண்ணெய்.

நாள் பார்த்து, ஒரு சனிக்கிழமையன்று செய்தோம், எள்ளுக்குரிய கிழமையன்றோ! அன்னையார் சப்பாத்தியின் ஓரத்தைக் கிள்ளி, தொட்டு, வாயிலிட்டு நெடுநேரம் ஒன்றும் கூறவில்லை. பின்பு பேத்தியை அழைத்தார்.

“எலுமிச்சை போதவில்லையடி. அடுத்த முறை எனக்கு மட்டும் கொஞ்சம் புளி கரைத்து விடு.”